லாவா, எம்.பி.ஏ.வா, தே தாரேக்கா?

"அண்ணே, ஒரு சின்ன சந்தேகம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால், இரண்டு தே தாரேக் சொல்லிவிட வேண்டியதுதான். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு. இரண்டுக்கும் காசு உங்களுடையது. ஸ்கூடாய், தாமான் யூ பக்கம் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் இந்தப் பட்டதாரி இருப்பார். டிகிரி முடிந்துவிட்டது. அடுத்து லாவா, எம்.பி.ஏ.வா? சந்தேகம் சின்னதுதான். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியிலிருந்து இருக்கிறது.

யோசனை கேட்பதில் வஞ்சனை கிடையாது. கோயில் தலைவர், முடிவெட்டுகிறவர், பெட்ரோல் ஊற்ற வந்தவர், யாரையும் விடமாட்டார். ஆனால் நீங்கள் எதைச் சொன்னாலும் அதற்கு அவர் எதிர்க்கட்சி.

"லாவே படி தம்பி, உனக்குத்தான் பேச்சு நல்லா வருதே" என்று சொல்லிப் பாருங்கள். முகம் வாடிவிடும். "லண்டன் எல்.எல்.பி. மட்டும் பத்தாதுண்ணே. சி.எல்.பி. எழுதணும். அஞ்சு பேப்பர். அதுக்கு மேல ஒன்பது மாசம் சேம்பரிங். 2001-ல கேள்வித்தாளே வெளிய வந்துடுச்சு, தெரியுமா?" 2001-இல் இவர் பால் புட்டியோடு இருந்திருப்பார், பேச்சைக் கேட்டால் அன்றைக்குப் பரீட்சை எழுதி ஏமாந்தவர் என்று தோன்றும்.

சரி, எம்.பி.ஏ. பண்ணு, யூ.டி.எம். பக்கத்துலயே இருக்கு என்பீர்கள். உடனே அம்பிகா சீனிவாசன் வந்துவிடுவார். 2007-இல் வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்து, புத்ராஜெயாவில் வக்கீல்களைத் திரட்டி நடந்தாரே, எந்த எம்.பி.ஏ. அப்படி நடந்தான்? "அதான் சொல்றேன், லாவுக்கே போ" என்று நீங்கள் அம்பிகாவைப் பிடித்துக்கொள்வதற்குள் அவர் ஆனந்த கிருஷ்ணனுக்குத் தாவியிருப்பார். "பிரிக்பீல்ட்ஸ்காரர்ண்ணே. 1964-ல ஹார்வர்ட் எம்.பி.ஏ. எங்கம்மா பார்க்கிற வானவில் சேனலே அவரு ஆரம்பிச்ச ஆஸ்ட்ரோவுலதான் வருது."

இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார். நடுவில் கோடு, இந்தப் பக்கம் லா, அந்தப் பக்கம் எம்.பி.ஏ. நானே பார்த்தேன். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாற்போல் பதினான்கு வரி. ஒரு பக்கம் கூடிவிட்டால் மறுபக்கத்தில் ஒன்று சேர்த்துவிடுவாராம், நியாயம் வேண்டாமா? எம்.பி.ஏ. பக்கம் கடைசி வரி "கோட்டு சூட்டு." லா பக்கமும் அதேதான், "கறுப்பு" என்று மேலே ஒரு திருத்தத்தோடு. அடுத்தவன் முதலில் இத்தனை காலம் ஓட்டுகிறவனுக்கு எம்.பி.ஏ. எதற்கு என்று கேட்கிறார் கடைக்காரர்.

கெட்ட பிள்ளை என்று சொல்லமாட்டேன். என் மகளின் பி.டி.பி.டி.என். கடன் விண்ணப்பத்தை அரை மணியில் முடித்துக் கொடுத்தார். அவள் என்ன படிக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார், நாங்கள் கேட்காமலே. ஊரார் விஷயத்தில் அவ்வளவு வேகம்.

அவருடைய அக்கா நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கிறாள். சிங்கப்பூர் போகும் பாலத்தில் ஜாம் ஆகுமுன் தாண்டினால்தான் உட்லண்ட்ஸ் வேலைக்குப் போய்ச் சேரலாம். மழை நாளில் பிளாஸ்டிக் கோட்டுக்குள் பாஸ்போர்ட்டை வேறு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்.பி.எம். முடித்ததும் நேராக வேலை, லாவா, எம்.பி.ஏ.வா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. தம்பியின் டிகிரி அவள் சம்பளத்தில் முடிந்தது, அவர் கைப்பேசி பில்லும் அதில்தான் ஓடுகிறது. சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகிறதாம், அதனால் அவசரமில்லையாம். இதை என்னிடமே சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் பொறுக்க முடியாமல், "ரெண்டும் வேணாம், நாளைக்கே ஒரு வேலைக்குப் போ" என்றேன். கோபப்படவில்லை. நோட்டை எடுத்து அளந்து பார்த்தார்.

"நல்ல யோசனைண்ணே. ஆனா இதுல இன்னொரு கோடு போட இடமில்ல. புது நோட்டு வாங்கணும். அஞ்சு ரிங்கிட் இருக்குமா?"