தடம் பதித்தவர்

உயரப் பறந்து வரும் கோல்ஃப் பந்து, குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீன் மேல் விழும்போது மண் அமுங்கிப் புல் கிழிகிறது. ஒரு சிறு பள்ளம் உண்டாகிறது. அதற்கு பிட்ச் மார்க் என்று பெயர். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த எடைக்கே தரை குழிந்து போகிறதென்றால், கிரீன் அவ்வளவு செல்லமாக வளர்க்கப்படும் தரை: புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு மழித்து வைத்திருப்பார்கள். பள்ளத்தை உண்டாக்கியவரே அதைச் சரிசெய்துவிட்டு நகர வேண்டும் என்பது ஆட்டத்தின் மரபு. சரிசெய்யாமல் நகர்பவர் தனி இனம். கோல்ஃப் ஆடப்படும் ஊர்களில் எல்லாம் அவர் இருக்கிறார்.

அவரை முரடர் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தவர் பந்தை அடிக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். தம் நிழல் மற்றவரின் பாதையில் விழாமல் தள்ளி நிற்பார். பள்ளத்தைச் சரிசெய்யும் இருபல் முள்கரண்டியும் அவரிடம் உண்டு, அதுவும் மற்ற எல்லோருடையதையும் விட உயர்ந்த ரகம். கிளப்பின் சின்னம் பொறித்தது, பந்தின் இடத்தைக் குறிக்கும் வில்லை காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருப்பது. வில்லையை மட்டும் அடிக்கடி எடுப்பார். கரண்டியின் பற்களில் இன்றுவரை மண் பட்டதில்லை.

கிரீனுக்கு வந்ததும் அவர் முதலில் தேடுவது பந்தையல்ல, பள்ளத்தைத்தான். உருண்டு வந்து ஏறிய பந்து பள்ளம் செய்யாது; வானத்திலிருந்து இறங்கிய பந்துதான் செய்யும். ஆகவே பள்ளம் ஒரு சான்றிதழ். கண்டுபிடித்ததும் கூட ஆடுபவர்களை அழைத்துக் காட்டுவார். “இங்கே விழுந்திருக்கிறது, பாருங்கள். பின்சுழற்சியில் நாலடி பின்னால் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.” எல்லோரும் குனிந்து பார்த்து மெச்சுவார்கள். அவரும் ஒருமுறை மனநிறைவோடு பார்ப்பார். பிறகு தம் பந்தை நோக்கி நடந்துவிடுவார். சான்றிதழை யாராவது அழிப்பார்களா?

சட்டம் அவர் பக்கம் என்றே சொல்ல வேண்டும். 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் எழுதப்பட்ட முதல் 13 விதிகள் கற்களையும் எலும்புகளையும் எப்போது அகற்றலாம் என்பது வரை யோசித்திருக்கின்றன. பள்ளத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இன்றைய விதிப்புத்தகத்தின் முதல் விதியே ஆடுபவர் மைதானத்தைப் பேண வேண்டும் என்கிறது, பள்ளங்களைச் சரிசெய்வதையும் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் தவறினால் தண்டம் எதுவும் இல்லை. கிளப் தனியாக நடத்தைக் கோவை வகுத்திருந்தால் ஒழிய கணக்கில் ஒரு ஸ்ட்ரோக்கூட ஏறாது. பந்து அரை அடி தள்ளிப் போனதற்கெல்லாம் கணக்குப் பார்க்கும் ஆட்டம் இந்த ஒன்றை மட்டும் மனசாட்சியிடம் விட்டுவிட்டது. ஸ்கோர் கார்டில் ஏறாத விஷயத்துக்காக முதுகை வளைக்கும் பழக்கம் நம்மவருக்கு இல்லை.

முதுகு வளையும் சமயம் ஒன்று உண்டு. அவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே பிறர் விட்டுப் போன பள்ளம் இருந்தால் போதும். அப்போது அவர் முகத்தில் தெரியும் துயரத்தை விவரிப்பது கடினம். “என்ன மனிதர்கள்!” என்று தொடங்கி, கிளப்பில் இப்போது யாரை எல்லாம் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது வரை போவார். 2018 வரை அவர் துயரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. பந்து விழுந்த பள்ளத்தையும் பழைய குழியை அடைத்த இடத்தையும் தவிர, பாதையில் வேறெந்தச் சேதத்தையும் சரிசெய்யக் கூடாது. காலணி முள்ளின் கீறல் குறுக்கே கிடந்தாலும் அதன் மேலேயே உருட்ட வேண்டும். 2019இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது காலணிக் கீறல், விலங்குகளின் தடம் என்று கிரீனில் ஏற்பட்ட ஏறக்குறைய எந்தச் சேதத்தையும் சரிசெய்யலாம் என்றார்கள். அன்று முதல் அவர் தோட்டக்காரராகிவிட்டார். மண்டியிட்டுத் தட்டுகிறார், தடவுகிறார், எழுந்து தள்ளி நின்று பார்க்கிறார், திரும்பவும் குனிகிறார். இதற்கும் வரம்பு இருக்கிறது. குழி வரை வாய்க்கால் வெட்டுவது போல் பாதை போட்டால் தண்டம், ஆட்டத்தை அநியாயத்துக்குத் தாமதப்படுத்தினாலும் தண்டம். அந்த வரம்பின் விளிம்பு அவருக்கு அத்துப்படி. அவர் இவ்வளவு பாடுபடும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி, அவருடைய சொந்தப் பள்ளம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

இவருக்கு ஒரு பங்காளி உண்டு: தவறாமல் சரிசெய்பவர், ஆனால் தவறாகச் சரிசெய்பவர். கரண்டியைப் பள்ளத்தின் அடியில் செருகி மண்ணை மேலே நெம்புவார். பள்ளம் நிமிர்ந்துவிட்டது போல் தோன்றும். உள்ளே வேர் அறுந்திருக்கும். அந்த இடம் பழுப்பாகக் கருகி நெடுநாள் மொட்டையாகக் கிடக்கும். சரியான முறையில் நெம்புகோல் வேலையே இல்லை. பள்ளத்தின் ஓரத்துக்கு வெளியே கரண்டியைக் குத்தி, சுற்றியுள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். சுற்றிலும் இப்படிச் செய்தபின் பந்தை உருட்டும் பட்டர் மட்டையின் அடியால் தட்டிச் சமன் செய்ய வேண்டும். சில விநாடி வேலை. கரண்டி இல்லையென்றால் பந்தை ஏற்றிவைக்கும் டீ குச்சி ஒன்று போதும். கிரீனைப் பராமரிப்பவர்களைக் கேட்டால் பங்காளியைவிட நம்மவரே மேல் என்று சொன்னாலும் சொல்வார்கள். இந்தப் பெருமையும் அவர் முயலாமலே வந்து சேர்கிறது.

இந்திய கிளப்புகளில் அவர் பாடு இன்னும் சுலபம். பையைச் சுமந்து கூட வரும் கேடி இருக்கிறார். முதலாளி பள்ளத்தைக் காட்டிப் பேசி முடிப்பதற்குள் கேடி குனிந்து வேலையை முடித்துவிடுவார். இதனால் இங்குள்ள சிலருக்குப் பள்ளம் தானாக மூடிக்கொள்ளும் என்ற எண்ணமே உண்டு. வெளிநாடு போய்ப் பையைத் தாமே சுமக்கும்போதுதான் சங்கடம். உதாரணமாக, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள பழைய மைதானத்தில் 18 குழிகளில் 14 குழிகள் இரண்டிரண்டாக ஏழு பெரிய கிரீன்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. போகும் வழியில் இரண்டாவது குழிக்கு ஆடுபவரும் திரும்பும் வழியில் பதினாறாவதற்கு ஆடுபவரும் ஒரே கிரீனில் நிற்பார்கள். அங்கே அவர் விட்டுப் போகும் பள்ளம் பின்னால் வருபவருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும் சொந்தம். நல்ல வேளையாக, கடலோரத்து மணல் தரை இறுகிக் கிடக்கும். பந்து எளிதில் குழிக்காது. அவருக்கு அதுவும் குறைதான், காட்டுவதற்கு ஒன்றுமில்லையே.

காலையில் புல்வெட்டும் இயந்திரம் வருவதற்கு முன்பே கிரீன் பணியாளர்கள் முந்தைய நாள் பள்ளங்களைத் தேடிச் சரிசெய்கிறார்கள். சரிசெய்யாமல் விட்டால் பள்ளத்தின் உயர்ந்த விளிம்பை இயந்திரம் வழித்துவிடும். இதைச் சொல்லி, தயவுசெய்து பள்ளங்களைச் சரிசெய்யுங்கள் என்று கிளப் அறிவிப்புப் பலகையில் அவ்வப்போது ஒரு தாள் ஒட்டப்படும். அதை முழுவதும் நின்று படிப்பவர் அவர் ஒருவர்தான். படித்துவிட்டு, “தயவுசெய்து” என்பதெல்லாம் இந்த ஜனங்களிடம் எடுபடாது, அபராதம் போட வேண்டும் என்று செயலரிடம் சொல்வார். அடுத்த தேர்தலில் கிரீன் கமிட்டிக்கு நிற்பதும் உண்டு, ஜெயிப்பதும் உண்டு.