பில்லில் விட்டுப்போன புகை

பெறுநர்: பொது மேலாளர், பெஸ்ட் நிறுவனம், மும்பை
அனுப்புநர்: தாராவி, மாட்டுங்காத் தமிழர் சார்பில் மனுதாரர்
பொருள்: மின்கட்டண பில்லில் ஒரு வரி சேர்க்கக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

மனுதாரர் பில்லை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டார். நிலைக்கட்டணம் இருக்கிறது, எரிபொருள் சரிக்கட்டல் இருக்கிறது, வரியும் இருக்கிறது. புகையைத்தான் காணோம்.

1905-ல் வாடி பந்தரில் சொந்த நிலையம் வைத்து மின்சாரம் எடுத்தபோது, புகையும் தங்கள் பெயரில்தான் போயிற்று. பிறகு டாடாவிடம் வாங்கி விற்கும் சூட்சுமம் பிடிபட்டது. 1947 ஆகஸ்ட் 7-ல் மாநகராட்சி தங்களை எடுத்துக்கொண்டது. இன்று கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை கம்பி தங்களுடையது. புகைபோக்கியோ செம்பூருக்கு அப்பால், டிராம்பேயில், டாடாவுடையது. தாராவி இட்லிக்காரரின் கிரைண்டருக்கும் மாட்டுங்கா மாமியின் மிக்ஸிக்கும் கரண்ட், டிராம்பேக்குப் பக்கத்து மாகுல்காரர் மூக்குக்குப் புகை. பாகப்பிரிவினை என்றால் இதுவல்லவா பாகப்பிரிவினை!

டிராம்பேயின் நல்ல பிள்ளை 180 மெகாவாட் எரிவாயு அலகு. வாயுவை எரித்து ஒரு டர்பைனைச் சுழற்றுகிறார்கள். வெளியேறும் சூட்டை வீணாக்காமல் நீராவியாக்கி இன்னொன்றைச் சுழற்றுகிறார்கள். சாம்பல் இல்லை, கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு உண்டு, கரியமில வாயுவும் உண்டு. ஒரு யூனிட்டுக்குக் கரியமில வாயு 450 கிராம் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க முழுத்திறனில் ஓடி 43 லட்சம் யூனிட் தரும்போது சுமார் 1,900 டன் வானத்துக்குப் போகும். நல்ல பிள்ளையின் கணக்கே இது.

மூத்த பிள்ளை ஐந்தாம் அலகு. 1984-ல் நாட்டின் முதல் 500 மெகாவாட் அலகு என்று பெருமையோடு வந்தது. நிலக்கரி தின்னும் அதற்குத் துணையாக 2009-ல் 250 மெகாவாட்டில் எட்டாம் அலகும் சேர்ந்தது. யூனிட்டுக்கு 900 கிராம் என்றால் இரண்டும் முழுமூச்சாக ஓடும் நாளில் 16,000 டன்னைத் தாண்டும். கடல்நீரால் கந்தகத்தைக் கழுவுகிறார்கள் என்பதை மனுதாரர் மறைக்கவில்லை. கரியமில வாயு அந்தக் குளியலில் போவதில்லை.

இந்த நிலக்கரி அலகுகளை மூடும் பேச்சு எழுந்தபோது, வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரக் கம்பி போதாது என்றார்கள். 2020 அக்டோபர் 12-ல் நகரமே இருண்டதை யார் மறப்பார்? 2023 அக்டோபரில் கார்கர்–விக்ரோலி 400 கிலோவோல்ட் தடம் வந்தது. ஆனாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் மாநில அரசு டிராம்பே நிலக்கரி நிலையத்தின் ஆயுளையும் நீட்டித்தது. தேவை கூடுகிறதாம். (நாடெங்கும் 20,000 மெகாவாட்டுக்கு மேல் எரிவாயு நிலையங்கள் வாயு விலையைப் பார்த்துப் பெரும்பாலும் தூங்குகின்றன. அவற்றை எழுப்ப யாருக்கும் அவசரமில்லை.)

தங்கள் மாநகராட்சியின் இன்னொரு சாதனையையும் சொல்ல வேண்டும். தான்சா குடிநீர்க் குழாயோரம் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தி, மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே 72 கட்டடங்களில் குடியேற்றியது. அங்கே காற்று கெட்டிருக்கிறது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லியிருந்தது. 2020-ல் இரண்டு எண்ணெய் நிறுவனங்கள் உட்பட நான்கு நிறுவனங்களுக்கு அதே தீர்ப்பாயம் ரூ. 286 கோடி இழப்பீடு விதித்தது. ஒரே மாநகராட்சி ஒரு கையால் கரண்ட் விற்று, மறு கையால் ஏழைகளைப் புகைக்குப் பக்கத்தில் குடிவைத்தது. இதைத் திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

மனுதாரர் புகைபோக்கியை இடிக்கச் சொல்லவில்லை. மிக்ஸி ஓட வேண்டுமே! கேட்பது இதுதான்: அடுத்த பில்லிலிருந்து, அந்த மாத மின்சாரத்தில் நிலக்கரி எவ்வளவு, எரிவாயு எவ்வளவு, நீர்மின்சாரம் எவ்வளவு, அதற்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்று ஒரே ஒரு வரி அச்சிடுங்கள். அந்த மாதத்தில் மாகுல் காற்றின் அளவீட்டையும் பக்கத்திலேயே போடுங்கள். இடம் போதாவிட்டால், உரிய தேதிக்குள் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கையைக் கொஞ்சம் சிறிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பில்லைத் தவறாமல் கட்டும் மனுதாரர்