டோக்கியோவில் ஒரு கூச்சக்காரன்

அன்புள்ள அக்காவுக்கு,

"அங்கேயாவது நாலு பேரோடு பேசிப் பழகுகிறாயா, இல்லை ஆள் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுகிறாயா?" என்று கேட்டிருந்தாய். அக்கா, என்னைப் போன்றவனுக்கென்றே கட்டிய ஊர் இது. காலை ரயிலில் எலும்பு நொறுங்கும். ஆனால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "தம்பிக்கு எந்த ஊரு, சம்பளம் எவ்வளவு?" கிடையவே கிடையாது. கூச்சத்துக்குக் கருவிகூட உண்டு: கழிப்பறைச் சத்தம் வெளியே கேட்குமே என்று கூசிப் பெண்கள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார்களாம். தண்ணீர் ஓடும் ஓசையை மட்டும் எழுப்பும் கருவியை டோட்டோ கம்பெனி 1988-லேயே கொண்டுவந்துவிட்டது.

இச்சிரான் என்று ஒரு நூடுல்ஸ் கடை. மெஷினில் காசு போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். உள்ளே ஆளுக்கொரு தடுப்பு, பரீட்சை ஹால் மாதிரி. பூண்டு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று தாளில் வட்டம் போட்டு வைத்தால், எதிரே மூங்கில் திரை உயரும், இரண்டு கைகள் கிண்ணத்தை வைக்கும், திரை இறங்கிவிடும். பன்றி எலும்புச் சாறு. அம்மாவிடம் சொல்லாதே.

இந்தச் சொகுசில் என் பயம் நன்றாகச் சதை போட்டுவிட்டது. வினை ஆபீசில் வந்தது. டெலிபோன் மூன்று முறை அடிப்பதற்குள் எடுக்க வேண்டியது புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலை. அடித்தாலே உள்ளங்கை வேர்க்கும். ஃபைல் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்தால், பக்கத்து மேசை ஜப்பான் பையன் எனக்கு முன்பே குனிந்திருக்கிறான்!

இங்கே இது பழைய வியாதி. நாம் 'நாலு பேர் என்ன நினைப்பார்களோ' என்று நடுங்குவோம். 'என் முகத்தால், பார்வையால் நாலு பேருக்குச் சங்கடமோ' என்று நடுங்குகிறவர்கள் இங்கே உண்டு. மொரிட்டா ஷோமா என்ற டோக்கியோ டாக்டர் 1919 வாக்கில் இதற்கு வைத்தியமே வகுத்தார். முதல் சில நாள் பேச்சும் புத்தகமும் இல்லாமல் படுக்கை. பிறகு சின்னச் சின்ன வேலை, அப்புறம் தோட்ட வேலை. பயம் போகட்டும் என்று காத்திராமல், பயத்தோடேயே கையிலிருக்கும் வேலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது படுக்கைப் பகுதி. லீவு கிடைக்கவில்லை. ஆகவே மிச்சத்தைச் செய்கிறேன். சொல்ல வேண்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டிவைத்து, நடுங்கும் குரலிலேயே போனை எடுக்கிறேன். சில நாள் எதிர்முனைக் குரலும் நடுங்குகிறது.

தை மாதம் சின்னவன் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன். பந்தியில் பரிமாறச் சொல், செய்கிறேன். மைக்கை மட்டும் என் கையில் கொடுக்க வேண்டாமென்று மாமாவிடம் இப்போதே சொல்லிவை.

அன்புத் தம்பி