அரியணை ஏறாத வெற்றியாளர்

கேள்வி: சீனத்தை வென்றெடுத்த மஞ்சு இளவரசர் டோர்கோன், தாமே ஏன் பேரரசராகவில்லை?

பதில்: மஞ்சு அரசை நிறுவிய நூர்ஹாசியின் பதினான்காம் மகனாக 1612இல் பிறந்த டோர்கோனுக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. 1626இல் தந்தை இறந்ததும் தாய் அபஹாயும் உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். பதின்ம வயதில் தாயைப் பறிகொடுத்த அந்த மகன், அரியணை ஏறிய மாற்றாந்தாய் மகன் ஹொங் தைஜிக்கே படை நடத்தியது பெருந்துயரம். 1643இல் அவரும் மறைய, அவருடைய மூத்த மகன் ஹூகேவுக்கும் டோர்கோனுக்கும் போட்டி மூண்டது. வீரர்களை அவர்தம் குடும்பங்களோடு சேர்த்துப் பதிவு செய்த ‘எட்டுக் கொடிகள்’ என்னும் படைப்பிரிவுகள் தமக்குள் மோதிக்கொள்ளும் நிலை உருவானதால், ஹொங் தைஜியின் ஐந்து வயது மகன் ஃபூலின் பேரரசராக்கப்பட்டு, சிறுவனின் பெயரால் ஆளும் பொறுப்பு டோர்கோனுக்கும் இன்னோர் இளவரசரான ஜிர்கலாங்குக்கும் தரப்பட்டது. இளவரசர் விட்டுக்கொடுத்தது பட்டத்தை மட்டுமே, அதிகாரத்தை அன்று.

மறு ஆண்டே ஷான்ஹாய் கணவாயில், சீனத்தின் மிங் அரசமரபுத் தளபதி வூ சான்குயியுடன் சேர்ந்து கிளர்ச்சித் தலைவன் லீ ட்சுசெங்கை முறியடித்து, டோர்கோன் பெய்ஜிங்கில் நுழைந்தார். முன்தலையை மழித்துப் பின்னல் இடாத ஆண்களுக்கு மரண தண்டனை என்ற அவருடைய 1645ஆம் ஆண்டு ஆணை எண்ணற்ற உயிர்களைக் குடித்தது, அது மன்னிக்கத்தக்கதன்று.

ஹூகே 1648இல் சிறையில் மாண்டபின் அவருடைய மனைவியரில் ஒருவரை மணந்துகொண்ட டோர்கோன், ஆண் வாரிசு இல்லாமல் தம்பி டோடோவின் மகன் டோர்போவைத் தத்தெடுத்தார். 1650 இறுதியில் வேட்டைக்குச் சென்ற இடத்தில் இறந்தவருக்குப் பேரரசர் பட்டம் சூட்டப்பட்டு, சில வாரங்களிலேயே பறிக்கப்பட்டது. அவருடைய இளவரசர் பட்டத்தை 1778இல் சியென்லோங் பேரரசர் மீட்டளித்தார்.