இனிக் கழராது, அண்ணை!

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் படகுகளுக்கு வெளியிணைப்பு இயந்திரம் பூட்டும் தம்பிமாரிடம் இப்போது போல்ட் கழராமல் பிடிக்கும் பசை இரண்டு சின்னப் போத்தலில் உண்டு: நீலப் பசை, சிவப்புப் பசை. நீலம் ஸ்பானருக்கு வழிவிடும். சிவப்புக்கு 250 பாகை செல்சியஸ் அளவில் சூடு காட்டவேண்டும். எதைப் பூசுவது? கைக்கு எது முதலில் அகப்படுகிறதோ, அதை.

“இனிக் கழராது, அண்ணை!” என்பார்கள். பொய்யில்லை. அடுத்த சர்வீசுக்குக் காஸ் டோர்ச்சோடு வருபவர்களும் அவர்கள்தான்.

காற்றுப் படாமல் உலோகத்தோடு ஒட்டிக் கிடந்தால்தான் அந்தப் பசை இறுகும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் அரைப் போத்தலைக் கவிழ்த்தாலும் பிடிக்காது. உண்மையில் அந்தக் கரையில் தேவை இறுகும் பசையல்ல, இறுகவிடாத பசை. உப்புக் காற்றில் அலுமினியத்துக்குள் போன எவர்சில்வர் போல்ட் தானாகவே இறுகிவிடும், செலவே இல்லாமல்!

1990களில் யாழ்ப்பாணத்தின் மீதிருந்த பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களுக்கு போத்தலேது, நிறமேது? கிடைத்ததைப் பூசி இறுக்கினார்கள். சில இன்றும் ஓடுகின்றன. இதைச் சொல்லியே கையேட்டைத் திறக்காமல் தப்பிக்கிறோம்.

இறுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு: போல்ட்டை முறுக்கும் விசையில் ஏறத்தாழ பத்திலொரு பங்குதான் பிடிப்பாகிறது, மிச்சத்தை உராய்வு தின்கிறது. கிறீஸ் பூசினால் உராய்வு குறையும், இறுக்கும் அளவையும் குறைக்கவேண்டும். கேட்டுப் பாருங்கள்: “எவ்வளவு இறுக்க?”

“கிர்ரெண்டு வரும்வரை. பிறகு ஒரு கால் சுற்று.”

அந்தக் கால் சுற்றில்தான் போல்ட்டின் தலை கையோடு வரும்.