ஜனவரி அண்ணன்

செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்க வரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு உண்மையான தூதரகம் ஜனவரி அண்ணன்தான். அதே வருஷம் ஜனவரி இன்டேக்கில் வந்து இறங்கியவர். எட்டு மாத மூப்பு. எட்டு மாதத்தில் பிள்ளை தவழத்தான் ஆரம்பிக்கும். இவர் அதற்குள் லண்டனைக் கரைத்துக் குடித்துவிட்டார். அதாவது, ஈஸ்ட் ஹாமிலிருந்து காலேஜ் வரைக்குமான லண்டனை.

வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது "ஹாய் அண்ணா" என்று தலைகாட்டினால் போதும், விமானம் ஏறுமுன்பே பாடம் தொடங்கிவிடும். "ஹீத்ரோல எலிசபெத் லைன் ஏறிடாதீங்க ப்ரோ. வேகம்தான், ஆனா காசு ஜாஸ்தி. பிக்காடிலி லைன்ல வாங்க. பாரன்ஸ் கோர்ட்ல இறங்கினா எதிர் பிளாட்பாரம், டிஸ்ட்ரிக்ட் லைன்." இருபத்துமூன்று கிலோப் பெட்டிகள் இரண்டோடு அப்படி வந்து சேர்பவன், மிச்சம் பிடித்த பவுண்டுகளில் முதல் வேலையாகத் தோள்வலித் தைலம் வாங்குவான்.

ஸ்டேஷன் வாசலில் அண்ணன் கனமான ஜாக்கெட்டில் நிற்பார். செப்டம்பருக்கு அது தேவையே இல்லை. ஆனால் குளிர்காலத்தைக் கண்டவர் என்று வந்தவனுக்குத் தெரிய வேண்டாமா?

பெட்டியைத் திறந்ததும் முதல் அடி குக்கருக்கு விழும். "இதையெல்லாம் ஏன் ப்ரோ தூக்கிட்டு வர்றீங்க? ஹை ஸ்ட்ரீட்ல கிடைக்காத பொருளே இல்ல." அன்று இரவே அந்தக் குக்கரில் அண்ணனின் பருப்பு வெந்துகொண்டிருக்கும். இட்லிப் பொடியை ருசி பார்க்கவென்று எடுத்துப் போனால் பாட்டில் மட்டும் திரும்பி வரும், கழுவி.

அவர் மேதைமை முழுதாக வெளிப்படுவது தாளிக்கும்போதுதான். கடுகு வெடித்தால் புகை அலாரம் அலறும். எதிர்வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார். அண்ணன் இதைப் போர்க்களமாகவே வகுத்து வைத்திருக்கிறார். ஒருத்தன் ஜன்னலண்டை, ஒருத்தன் அலாரத்துக்குக் கீழே ஸ்டூலில், கையில் துண்டோடு, மூன்றாமவன் மூடியோடு அடுப்பருகே. "எண்ணெய் காஞ்சிடுச்சு. ரெடியா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கடுகைப் போடுவார். காய்ந்த மிளகாய் நாளில் கூடுதலாக ஒரு துண்டு. இவ்வளவுக்கும் பிறகு வருவது வெறும் ரசம்.

அடுத்தது பஸ். டிரைவரிடம் நோட்டை நீட்டினால் வாங்கமாட்டார். லண்டன் பஸ்ஸில் ரொக்கம் 2014-லேயே போய்விட்டது. கார்டைத் தட்டினால் 2025 கணக்கில் 1.75 பவுண்டு, அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறி ஏறலாம், மேற்கொண்டு காசில்லை. அண்ணனின் வாழ்க்கையே அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. முடிவெட்டிக்கொள்வது, அரிசி வாங்குவது, மேனர் பார்க் முருகனைக் கும்பிடுவது எல்லாமே அதற்குள். கற்பூரத் தட்டு பக்கத்தில் வரும்போதே ஃபோனில் மணி பார்ப்பார். "பதினோரு நிமிஷம்தான் இருக்கு, சீக்கிரம் வேண்டிக்கோங்க."

டியூபில் ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும் என்பார். தட்டாமல் பிடிபட்டால் அபராதம் 100 பவுண்டு, 21 நாளைக்குள் கட்டினால் 50. இவ்வளவு துல்லியமாக இவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. பெரியவர்களிடம் கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டல்லவா?

மொழியிலும் அண்ணன் கரைகண்டவர். டிரைவருக்கு "சியர்ஸ் மேட்". யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் "தம்பி, பை வேணுமோ?" என்றால் "ஓம் அண்ணை, வேணாம்" என்று மதுரையையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே மூச்சில் இணைப்பார். கடைக்காரர் சிரிக்காமல் மிச்சத்தை எண்ணித் தருவதை நான் பெருந்தன்மை என்றே சொல்வேன்.

வேலை விஷயத்தில் அவர் வழக்கறிஞர். டேர்ம் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். முதுநிலைக்காரர்களுக்குக் கோடையில் ஆய்வேடு எழுதும் மாதங்களும் டேர்ம்தான் என்று வரி பிசகாமல் சொல்வார். "உங்க ஆய்வேடு எந்த அளவில இருக்கு அண்ணா?" என்றால் மட்டும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்ப்பார். லண்டனில் இது பெரிய வசதி. பார்க்க எப்போதும் கொஞ்சம் மழை இருக்கும்.

ஊரிலிருந்து அம்மாக்கள் இவருக்கே போன் போடுகிறார்கள். "தம்பி, அவன் சாப்பிட்டானா?" என்றால், சாப்பிட்டான் ஆன்ட்டி, ஜெர்கின் போட்டிருக்கான் ஆன்ட்டி என்று வரிசையாகப் பதில் வரும். ஆளுக்கு வயது இருபத்துநாலு. குரலில் ஐம்பது.

போன வாரம் புதுப் பையன் ஒருவனுக்கு இருமல். அண்ணன் கொதித்துவிட்டார். "இன்னும் ஜி.பி. டாக்டர்கிட்ட பதிவு பண்ணலையா? விசாவோட சேர்த்து வருஷத்துக்கு 776 பவுண்டு கட்டியிருக்கோம் ப்ரோ, சும்மாவா? வந்த முதல் வாரத்திலேயே பண்ணியிருக்கணும்." கையைப் பிடித்து கிளினிக்குக்கு இழுத்துப்போனார். போகும் வழி முழுக்க 776-ஐ ரூபாயில் பெருக்கிக் காட்டினார். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பையனிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பி நீங்கள் இங்கே பதிந்தவர்தானே என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ப்ரோ, எழுதி முடிச்சதும் அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க."