கப்பலேறாத பயணியின் மனு

பெறுநர்: விண்கப்பல் கட்டிய மேலிடம், வால்ட் டிஸ்னி நிறுவனம்.
பொருள்: அடுத்த கதை ஓட்டலுக்குக் கதை வழங்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

புளோரிடாவில் 'ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் ஸ்டார்குரூசர்' என்ற, விண்கப்பலாகப் பாவனை செய்த ஓட்டலை நடத்தி மூடியும் விட்டீர்கள். அடுத்து என்ன கட்டலாம் என்று மோவாயைத் தடவிக்கொண்டிருப்பீர்கள் என யூகிக்கிறேன். உங்கள் பூங்காக்களில் யூகம் ஒன்றுதான் இன்னும் இலவசம்; அதைத் தாராளமாகச் செய்கிறேன்.

முதலில் பாராட்டு. 2022 மார்ச் 1 அன்று ஹால்சியன் என்ற அந்தக் கப்பல் புறப்பட்டது. அதாவது, இருந்த இடத்திலேயே இருந்தது. 100 அறைகள், வெளியே பார்க்கும் ஜன்னல் ஒன்றிலும் இல்லை, அந்த இடத்தில் நட்சத்திரம் ஓடும் திரை. நீச்சல்குளமும் கிடையாது. காற்று வாங்க மேலே திறந்த சின்ன முற்றம் ஒன்று வைத்து, அதற்குத் 'தட்பவெப்பப் பாவனைக் கூடம்' என்ற பொருளில் பெயரும் சூட்டினீர்கள். புளோரிடா வெயிலை ஏதோ கருவி உற்பத்தி செய்வதாக விருந்தாளி நம்ப வேண்டும்! சூரியனையே சொத்துப் பட்டியலில் ஏற்றிய துணிச்சலுக்கு என் வணக்கம்.

கட்டணம், இருவருக்கு இரண்டு இரவு, 4,809 டாலரில் ஆரம்பம். சாப்பாடு அதில் அடக்கம், மது தனி. உங்களிடமே நிஜக் கடலில் மிதக்கும் கப்பல்கள் இருக்கின்றன, அவற்றில் குளமும் இருக்கிறது என்று யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

கதைக்கு வருகிறேன். கொடுங்கோல் படை கப்பலில் ஏறிச் சோதனை போடுகிறது; விருந்தாளிகள் கிளர்ச்சிக்காரர்களுக்கு ரகசியமாக உதவலாம். அடிமைப்பட்டவர்களின் போராட்டத்துக்கு இவ்வளவு முன்பணம் கேட்ட இயக்கம் வேறு இருக்குமா, தெரியவில்லை. அதிலும் போராளியின் முக்கிய ஆயுதம் கைபேசி. செயலியில் செய்தி வரும். பதில் போடு, அந்தப் பெட்டியை ஸ்கேன் செய், இத்தனை மணிக்கு அங்கே ஆஜராகு. ஆபீசிலிருந்து தப்பிக்க லீவு போட்டு வந்தவருக்கு, புதிய மேனேஜரையும் பளபளக்கும் உடுப்பையும் கொடுத்து மறுபடி வேலைக்கு அமர்த்திவிட்டீர்கள்.

ஆனாலும் போய்வந்தவர்கள் பலர் அழாத குறையாக உருகுகிறார்கள். திரைக்காக அல்ல, நடிகர்களுக்காக. கேப்டனும் பாடகியும் வில்லன் அதிகாரியும், காலையில் ஒரு குழந்தை சொன்ன பொய்யை மாலைவரை மறக்காமல் கதையாக்கினார்களாம். 100 அறைக்கு இத்தனை பேர் என்றால் செலவு ஏறும், செலவுக்கேற்பக் கட்டணம் ஏறும், கட்டணத்தைப் பார்த்ததும் ஜனம் இறங்கிவிடும். 2023 மே மாதம் மூடல் அறிவிப்பு, செப்டம்பர் கடைசியில் இறுதிப் பயணம். இரண்டு வருஷம்கூட ஓடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் உண்மையான கற்பனை. கோடிக்கணக்கான டாலரை இரண்டு காலாண்டுகளில் 'விரைவுத் தேய்மானம்' என்று எழுதிக் கழித்தீர்கள். ஒருபோதும் நகராத கப்பல், ஏட்டில் மட்டும் ஒளிவேகத்தில் பாய்ந்து கிழடாகிவிட்டது. இதைத்தான் அடுத்த ஓட்டலாக்கச் சொல்கிறேன். பெயர்: 'தேய்மானம்'.

விருந்தாளிகள் கணக்காளர்களாக வந்து இறங்குவார்கள். முதல் நாள் கோலாகலத் திறப்பு விழா. அன்றிரவே லாபம் காணாமல் போகும். எந்தத் துணைத் தலைவர் அறையில் ஒளிந்திருக்கிறது என்று பேரேட்டைப் புரட்டித் தேட வேண்டும். நடுவில் தளபதியே மாறுவார்: 2022 நவம்பரில் உங்கள் தலைமை நிர்வாகி பாப் சேப்பெக் இறங்க, விலகிப் போயிருந்த பாப் ஐகர் திரும்பி வந்து அமர்ந்தாரே, அப்படி. உச்சக்கட்டமாக, நன்றாக இருக்கும் கட்டடத்தை விடிவதற்குள் தாளில் பாழாக்க வேண்டும். வில்லன் தேவையில்லை, எல்லோரும் கூட்டத்தில் இருப்பார்கள்.

நடிகர்களை மட்டும் பழைய கப்பலிலிருந்தே அழையுங்கள். ஊழியரை 'நடிகர்' என்றே குறிப்பிடும் நிறுவனம் நீங்கள். கதையை உண்மையில் சுமந்தவர்கள் யார் என்று ஏட்டில் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை, சுவருக்குத்தான் தேய்மானம் போட்டீர்கள். கதைக்கு எனக்கு ராயல்டி வேண்டாம். ஒரு அறை பதிவு செய்து தாருங்கள்; கட்டணத்தை நானும் இரண்டு காலாண்டுகளில் எழுதிக் கழித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கப்பலேறாத பயணி